எந்தக் கேலன், எந்த அவுன்ஸ்?

"ஒரு கேலன் தண்ணீருக்கு 2 அவுன்ஸ்" என்று ஒரு பாட்டிலில் போட்டிருக்கிறது. கையில் இருப்பது லிட்டர் கோடு போட்ட வாளியும் மில்லி கோடு போட்ட குவளையும். உடனே போனை எடுத்து "2 அவுன்ஸ் எத்தனை மில்லி" என்று தேடுவார்கள், ஒரு எண் வரும், ஊற்றிவிடுவார்கள். அந்த ஒரே வரியில் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. கேலன் அமெரிக்காவுடையதா, பிரிட்டனுடையதா? அவுன்ஸ் என்பது கொள்ளளவா, எடையா? கொள்ளளவு என்றால் அது எந்த நாட்டு அவுன்ஸ்? முதல் கேள்வியில் தவறினால் 20 சதவீதம் போகும். இரண்டாவதில் தவறினால், பொருள் பொடியாக இருந்தால், பாதிக்குப் பாதி போகும். மூன்றாவதில் தவறினால் 4 சதவீதம்தான், பெரும்பாலும் யாருக்கும் தெரியவே தெரியாது. தசமப் புள்ளிக்குப் பின்னால் ஐந்து இலக்கம் வைத்துப் பெருக்குகிறவர்கள்கூட இந்த மூன்றையும் கேட்காமலே கணக்கை ஆரம்பித்துவிடுகிறார்கள்.

மாற்று எண்களை மனப்பாடம் செய்வதைவிட அளவின் முழுப் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது முக்கியம். பெயர் சரியாகத் தெரிந்தால் எண்ணை எங்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

231 என்ற எண்

அமெரிக்கத் திரவ கேலன் என்பது மிகச் சரியாக 231 கன அங்குலம். அங்குலம் 1959 முதல் மிகச் சரியாக 2.54 சென்டிமீட்டர். 2.54-ஐ மூன்று முறை எடுத்துப் பெருக்கினால் 16.387064 வரும், ஒரு கன அங்குலத்தில் அத்தனை மில்லி. அதை 231-ஆல் பெருக்கினால் 3785.411784 மில்லி. ஆய்வகத்தில் அளந்து சொன்ன தோராயம் இல்லை இது. வரையறையிலிருந்தே வருவதால் இதற்குப் பின்னால் இலக்கமே கிடையாது. வேறு ஏதாவது கடைசி இலக்கத்தைக் காட்டும் அட்டவணையைப் பார்த்தால், யாரோ நடுவில் தசமத்தை வெட்டியிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

231 எங்கிருந்து வந்தது என்பதும் சுவையான விஷயம். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ராணி ஆன் ஆட்சியில், இங்கிலாந்து சட்டமாக்கிய ஒயின் கேலன்தான் அது. 7 அங்குல விட்டமும் 6 அங்குல உயரமும் உள்ள உருளையின் கொள்ளளவை, பை என்பதை 22/7 என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். மிச்சமில்லாமல் 231 வரும். அமெரிக்கா அந்த கேலனையே வைத்துக்கொண்டது. பிரிட்டனோ 1824-இல் அதைக் கைவிட்டு, 10 பவுண்டு தண்ணீர் பிடிக்கும் அளவு என்று புதிய கேலனை வகுத்தது. அது இன்றைக்கு 4.54609 லிட்டர். ஒரே பெயரில் இரண்டு கேலன் உலவுவதன் பின்கதை இவ்வளவுதான். பிரிட்டிஷ் கேலன் அமெரிக்க கேலனைவிட 20 சதவீதம் பெரியது.

அமெரிக்க கேலனிலிருந்து கீழே இறங்குவது படிக்கட்டு மாதிரி. ஒரு கேலனுக்கு 4 குவார்ட், ஒரு குவார்ட்டுக்கு 2 பைன்ட், ஒரு பைன்ட்டுக்கு 2 கப், ஒரு கப்புக்கு 8 திரவ அவுன்ஸ், ஒரு அவுன்ஸுக்கு 2 டேபிள்ஸ்பூன், ஒரு டேபிள்ஸ்பூனுக்கு 3 டீஸ்பூன். 3785.41-ஐ அந்தப் படிகளில் வகுத்துக்கொண்டே வந்தால் குவார்ட் 946.35 மில்லி, பைன்ட் 473.18, கப் 236.59, திரவ அவுன்ஸ் 29.57, டேபிள்ஸ்பூன் 14.79, டீஸ்பூன் 4.93. கேலனில் 128 திரவ அவுன்ஸ் என்பதை மட்டும் தனியாக நினைவில் வையுங்கள், அடிக்கடி தேவைப்படும்.

மேலிருந்து கீழே வகுத்து வருவதுதான் பாதுகாப்பு. கீழிருந்து மேலே பெருக்கிப் போனால், கீழே செய்த சின்னத் தோராயம் வளர்ந்துகொண்டே போகும். அவுன்ஸை 30 மில்லி என்று வைத்துக்கொண்டால் ஒரு அவுன்ஸில் அரை மில்லிகூடத் தவறவில்லை. 128 அவுன்ஸ் சேர்ந்தால் 3840 மில்லி, கேலனுக்கு கிட்டத்தட்ட 55 மில்லி கூடிவிடும். 50 கேலன் பீப்பாயில் அது இரண்டேமுக்கால் லிட்டர்.

பிரிட்டிஷ் படிக்கட்டிலும் 4 குவார்ட், 8 பைன்ட்தான். ஆனால் அவர்களுடைய பைன்ட்டில் 20 அவுன்ஸ், அமெரிக்கர்களுடையதில் 16. ஆக பிரிட்டிஷ் கேலனில் 160 அவுன்ஸ், ஒரு அவுன்ஸ் 28.41 மில்லி. கேலன் பெரியது, அவுன்ஸோ சிறியது. இந்த முரண்தான் பலரைக் கவிழ்க்கிறது. "பிரிட்டிஷ் அளவு எல்லாமே 20 சதவீதம் பெரியது" என்று ஒரே பெருக்கல் எண்ணை எல்லாவற்றுக்கும் போடுகிறவர்கள் அவுன்ஸில் எதிர்ப்பக்கம் போய் விழுவார்கள்.

மனக்கணக்குக்கு ஒரு வழி. லிட்டரை கேலனாக்க நான்கால் வகுத்து, வந்ததில் 5 சதவீதம் கூட்டி, அதற்கு மேல் ஒரு சிட்டிகை. 60 லிட்டர் என்றால் 15, அதோடு 0.75, பிறகு ஒரு சிட்டிகையாக 0.1, மொத்தம் 15.85. சரியான விடையும் 15.85தான். எதிர்த்திசையில் நான்கால் பெருக்கி 5 சதவீதம் கழிக்கலாம். 15 கேலனுக்கு 57 லிட்டர் வரும், உண்மையில் 56.78. அரை சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் "குவார்ட் என்றால் லிட்டர்தானே, கேலன் என்றால் நாலு லிட்டர்தானே" என்று முடித்துக்கொள்வது ஐந்தரை சதவீதத்துக்கு மேல் தப்பு. வாளி கழுவ அது போதும். மருந்து கலக்கப் போதாது.

கப்பை நம்பாதீர்கள், எடை போடுங்கள்

சமையல் குறிப்பில் வரும் கப் ஒன்றல்ல. அமெரிக்கக் கப் 236.6 மில்லி. அதே அமெரிக்காவில் உணவுப் பொட்டலத்தின் ஊட்டச்சத்துப் பட்டியலில் வரும் கப் 240 மில்லி. அங்கே விதிப்படியே டீஸ்பூனை 5, டேபிள்ஸ்பூனை 15, அவுன்ஸை 30 என்று முழுமையாக்கிக்கொள்கிறார்கள். ஆனால் பொட்டலத்தின் முகப்பில் வரும் நிகர அளவுக்கு இந்தச் சலுகை கிடையாது. 12 அவுன்ஸ் குளிர்பான டப்பாவில் 360 மில்லி என்று இல்லாமல் 355 மில்லி என்று இருப்பது அதனால்தான். மெட்ரிக் கப் 250 மில்லி, ஆஸ்திரேலியாவில் புழங்குவது அது. ஜப்பானியக் கப் 200 மில்லி. அளவுக் கப் செட்டை வாங்கும்போது இதில் எது கையில் வருகிறது என்பது பெட்டியில் பெரும்பாலும் எழுதியிருக்காது.

கண்டுபிடிக்க ஒரு சமையலறைத் தராசு போதும். காலிக் கப்பைத் தராசில் வைத்து எண்ணை பூஜ்யமாக்குங்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். ஓரத்தில் நீர் சற்று மேலேறி நடுவில் குழிந்து நிற்கும். நடுக்குழி விளிம்புக்கு நேராக வரும்வரை சொட்டுச் சொட்டாக விடுங்கள். மேலே உப்பி நின்றால் அதிகம். இப்போது எடையைப் பாருங்கள். அறை வெப்பத்தில் தண்ணீர் ஒரு மில்லிக்கு ஒரு கிராமுக்குச் சற்றே குறைவு, 25 டிகிரியில் 0.997. அதனால் 236 கிராம் காட்டினால் அமெரிக்கக் கப். 239 என்றால் 240 மில்லி கப். 249 என்றால் மெட்ரிக் கப். 225, 262 போல எங்கும் சேராத எண் வந்தால் அது அழகுக்குச் செய்த கப், அளவுக்குச் செய்ததல்ல. கண்டுபிடித்த எண்ணை அழியாத மார்க்கரால் கப்பின் அடியில் எழுதிவிடுங்கள். அடுத்த முறை யோசிக்க வேண்டியதில்லை.

ஸ்பூனுக்கு ஒரு கிராம் தராசு போதாது. பத்து முறை தலைதட்டி அளந்து ஊற்றி, மொத்த எடையைப் பத்தால் வகுங்கள். 4.93-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டு கவலைப்படாதீர்கள், ஒன்றரை சதவீதம்கூட இல்லை. கவனிக்க வேண்டியது டேபிள்ஸ்பூனை. ஆஸ்திரேலிய டேபிள்ஸ்பூன் 20 மில்லி, மற்ற இடங்களில் 15. மூன்றில் ஒரு பங்கு கூடுதல்.

கப் மாறினால் குறிப்பு கெடுமா என்பது பலருக்கு உள்ள சந்தேகம். மாவு, சர்க்கரை, பால் மூன்றையும் ஒரே கப்பால் அளந்தால் விகிதம் மாறாது, மொத்தம் மட்டும் கூடும் குறையும். சிக்கல் வருவது கப்பால் அளக்காத பொருள்களில். முட்டையை எண்ணிப் போடுகிறோம். உப்பையும் பேக்கிங் பவுடரையும் ஸ்பூனால் போடுகிறோம். வெண்ணெயை எடை போடுகிறோம். 236.6-க்கு எழுதிய குறிப்பை 250 கப்பால் செய்தால் மாவும் பாலும் 5.7 சதவீதம் கூடும், முட்டை அப்படியே நிற்கும். ரொட்டி மாவு அதைத் தாங்கிக்கொள்ளும். கேக் சில சமயம் தாங்காது. தட்டின் அளவும் மாறாமல் நிற்பதால் நடுவில் வேகாமல் போவதும் உண்டு.

மாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாவில் கப்பை மில்லியாக்கிப் பயனே இல்லை. கரண்டியால் எடுத்துத் தூவித் தலைதட்டினால் ஒரு அமெரிக்கக் கப் மாவு 120, 125 கிராம். கப்பாலேயே டப்பாவில் அள்ளினால் 150 வரை ஏறும். அளக்கும் விதத்திலேயே 20 சதவீதம் ஆடும்போது 236.6-ஆ 240-ஆ என்று மோதுவதில் என்ன பொருள்? மாவை கிராமில் வைத்துக்கொள்வதே நல்லது. தண்ணீர், பால், எண்ணெய் போன்றவற்றுக்கு மில்லி போதும்.

"ஒரு கேலனுக்கு இத்தனை"

வயலுக்கோ தோட்டத்துக்கோ தெளிக்கும் மருந்து, தரை துடைக்கும் திரவம், இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில் என எல்லா லேபிளிலும் வருவது இந்த வாசகம். பெரும்பாலானவர்கள் மூன்று படியில் போவார்கள்: லிட்டரை கேலனாக்கி, கேலனை அவுன்ஸால் பெருக்கி, அவுன்ஸை மில்லியாக்கி. மூன்று படியிலும் தோராயம் சேரும். தேவையே இல்லை. கொள்ளளவைக் கொள்ளளவால் வகுத்தால் வருவது வெறும் விகிதம். ஒரு கேலனுக்கு ஒரு அவுன்ஸ் என்றால் 128-இல் ஒரு பங்கு. லிட்டருக்கு 1000 வகுத்தல் 128, அதாவது 7.8125 மில்லி. இந்த ஒரு எண் போதும், கேலன் எத்தனை லிட்டர் என்பதே வேண்டாம்.

உதாரணமாக 16 லிட்டர் முதுகுத் தெளிப்பான், லேபிளில் கேலனுக்கு இரண்டரை அவுன்ஸ். 2.5 × 7.8125 = லிட்டருக்கு 19.5 மில்லி. 16 லிட்டருக்கு 312 மில்லி. இதையே "16 லிட்டர் என்றால் 4 கேலன், 10 அவுன்ஸ், 300 மில்லி" என்று போட்டிருந்தால் 4 சதவீதம் குறைந்திருக்கும். கேலனில் ஐந்தரை சதவீதம் விட்டோம், அவுன்ஸில் ஒன்றரை சதவீதம் திரும்பப் பெற்றோம். இரண்டு தப்பும் ஒன்றையொன்று ஓரளவு சரிக்கட்டியது தற்செயல்தான். லேபிள் பிரிட்டிஷ் அளவில் இருந்தால் 160-இல் ஒரு பங்கு, லிட்டருக்கு 6.25 மில்லி, 16 லிட்டருக்கு 250 மில்லி.

டேபிள்ஸ்பூன் கணக்கில் கொடுத்திருந்தால் கேலனுக்கு ஒன்று என்பது லிட்டருக்கு 3.9 மில்லி. டீஸ்பூன் என்றால் 1.3 மில்லி. பெரிய பண்ணை லேபிள்களில் "100 கேலனுக்கு ஒரு பைன்ட்" என்று வரும். அது 800-இல் ஒரு பங்கு, லிட்டருக்கு 1.25 மில்லி. இதில் ஒரு வசதி இருக்கிறது. இரண்டு நாட்டுக் கேலனிலும் 8 பைன்ட் என்பதால் கேலனும் பைன்ட்டும் ஒரே நாட்டு அளவாக இருக்கும்வரை எந்த நாடு என்று கேட்கவே வேண்டியதில்லை, விடை ஒன்றுதான். குவார்ட்டுக்கும் அப்படியே, 100 கேலனுக்கு ஒரு குவார்ட் என்றால் லிட்டருக்கு 2.5 மில்லி. அவுன்ஸ் நுழைந்தால் மட்டும்தான் நாட்டைக் கேட்க வேண்டும்.

பரப்புக்கான அளவு வேறு கணக்கு. ஏக்கருக்கு ஒரு கேலன் என்பது ஹெக்டேருக்கு 9.35 லிட்டர். ஏக்கருக்கு ஒரு திரவ அவுன்ஸ் என்பது ஹெக்டேருக்கு 73 மில்லி. இங்கே கொள்ளளவை மட்டும் மாற்றிவிட்டு ஏக்கரை ஹெக்டேராக்க மறந்துவிடுவது வழக்கமான பிழை. விட்டால் தேவையில் ஐந்தில் இரண்டு பங்குதான் போய்ச் சேரும்.

இரண்டு ஸ்ட்ரோக் ஆயில் இதே வகைதான், ஆனால் தப்பின் விலை எஞ்சின். 50-க்கு 1 என்றால் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி, அமெரிக்க கேலனுக்கு 2.56 அவுன்ஸ். அதனால்தான் ஒரு கேலனுக்கென்று விற்கும் குட்டி ஆயில் பாட்டில் 2.6 அவுன்ஸ், அதாவது 77 மில்லி. அதை 4 லிட்டரில் ஊற்றினால் விகிதம் 52-க்கு 1, பாதகமில்லை. கையில் 5 லிட்டர் கேன் இருக்கிறதே என்று அதில் ஊற்றினால் 65-க்கு 1 ஆகிவிடும். 50-க்கு 1 கேட்கும் எஞ்சினில் பிஸ்டனும் சிலிண்டரும் உரசிச் சூடேறத் தொடங்க அது போதும். சரி செய்ய 100 மில்லி வேண்டும், பாட்டிலுக்கு மேல் இன்னும் 23 மில்லி.

பொடி மருந்தில் "கேலனுக்கு ஒரு அவுன்ஸ்" என்று இருந்தால் அது எடை அவுன்ஸ், 28.35 கிராம். லிட்டருக்கு 7.5 கிராம். இந்த எண் 7.8-க்குப் பக்கத்தில் இருப்பதுதான் வம்பு. "கிட்டத்தட்ட ஒன்றுதானே" என்று மில்லி குவளையில் பொடியை அள்ளுவார்கள். லேசான பொடி மில்லிக்கு அரை கிராம்தான் இருக்கும் என்றால் ஒரு திரவ அவுன்ஸ் குவளையில் 14.8 கிராம்தான் நிற்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று மருந்தைத் திட்டுவார்கள்.

எடை எங்கே நுழைகிறது

கொள்ளளவுக் கணக்கு எடையைத் தொடும் இடத்தில்தான் பெரிய விபத்துகள் நடக்கின்றன. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் 143-ஆம் விமானம், போயிங் 767, நடுவானில் எரிபொருள் தீர்ந்து மிதந்து வந்து, மனிடோபா மாநிலத்தில் கிம்லி என்ற இடத்தின் பழைய விமானப்படைத் தளத்தில் இறங்கியது. யாரும் உயிரிழக்கவில்லை. கனடா அப்போது மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்தது. அந்த விமானத்துக்கு எரிபொருள் கணக்கு கிலோகிராமில் வேண்டும், ஆனால் எரிபொருள் வண்டி ஊற்றுவது லிட்டரில்.

கணக்கு நடந்த விதத்தைப் பாருங்கள். தேவை 22,300 கிலோ. அளவுகோலை விட்டுப் பார்த்ததில் டாங்கில் 7,682 லிட்டர் இருந்தது. அதை 1.77-ஆல் பெருக்கி 13,597 கிலோ என்று எடுத்துக்கொண்டார்கள். மீதி வேண்டியது 8,703. அதை 1.77-ஆல் வகுத்து 4,916 லிட்டர் ஊற்றினார்கள். ஒவ்வொரு பெருக்கலும் வகுத்தலும் சரி. 1.77 என்ற எண்ணும் சரியான எண்தான், ஒரு லிட்டர் எரிபொருளின் எடை பவுண்டில். கிலோவில் அது 0.803. சரியாகப் போட்டிருந்தால் டாங்கில் இருந்தது 6,169 கிலோ, ஊற்ற வேண்டியது 20,088 லிட்டர். தேவையில் பாதிகூட இல்லாமல் விமானம் கிளம்பியது.

இங்கே "1.77" என்று வெறும் எண்ணாகச் சொல்லாமல் "லிட்டருக்கு 1.77 பவுண்டு" என்று எழுதியிருந்தால் பெருக்கி முடிக்கும்போதே விடையின் பக்கத்தில் பவுண்டு என்று வந்து நின்றிருக்கும். மாற்று எண் எதையும் அலகு இல்லாமல் எழுதக் கூடாது என்று நாங்கள் வலியுறுத்துவது இதனால்தான். இன்னொரு சோதனையும் உண்டு. எண்ணெயும் பெட்ரோலும் தண்ணீரைவிட லேசானவை. ஒரு லிட்டரின் எடை ஒரு கிலோவுக்கு மேல் வந்தாலே எங்கோ பிசகு என்று கை நிற்க வேண்டும்.

தண்ணீர் என்றால் ஒரு திரவ அவுன்ஸ் கிட்டத்தட்ட ஒரு எடை அவுன்ஸ், நான்கு சதவீதம்தான் கூடுதல். இந்த ஒற்றுமை தண்ணீரோடு சரி. தேன் மில்லிக்கு 1.42 கிராம், ஒரு அமெரிக்கக் கப் தேன் 336 கிராம், கிட்டத்தட்ட 12 எடை அவுன்ஸ். "8 அவுன்ஸ் என்றால் ஒரு கப்" என்று தேனை எடை போட்டு எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோகும்.

மருந்துச் சிரப்பில் இன்னும் ஒரு பொறி. டீஸ்பூனை 5 மில்லியாக மாற்றுவது சரிதான், ஆனால் அதனால் மருந்தின் அளவு சரியாகிவிடாது. குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப் அமெரிக்காவில் 5 மில்லிக்கு 160 மில்லிகிராம், பிரிட்டனில் சிறு குழந்தைகளுக்கானது 5 மில்லிக்கு 120 மில்லிகிராம். அதே ஐந்து மில்லி, வேறு மருந்தளவு. மருத்துவர் சொன்ன மில்லிகிராமிலிருந்து தொடங்கி, கையில் உள்ள பாட்டிலின் செறிவால் வகுத்து மில்லிக்கு வர வேண்டும். ஊசியில்லா சிரிஞ்சால் அளக்க வேண்டும், சாப்பாட்டு மேசைக் கரண்டியால் அல்ல. டீஸ்பூனையும் டேபிள்ஸ்பூனையும் குழப்பினால் மருந்து மும்மடங்காகிவிடும்.

தொட்டியை அளக்கும்போது

அங்குலத்தில் அளந்தால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 231-ஆல் வகுத்தால் கேலன். சென்டிமீட்டரில் அளந்தால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர். அடியில் அளந்தால் கன அடிக்கு 28.317 லிட்டர் அல்லது 7.48 கேலன். தப்பு வருவது அடியை மீட்டராக்கும் எண்ணைக் கன அடிக்குப் போடும்போது. 0.3048 என்பது நீளத்துக்கு. கன அளவுக்கு அதை மூன்று முறை பெருக்க வேண்டும், 0.0283 வரும்.

48 × 24 × 20 அங்குலக் கண்ணாடித் தொட்டியை எடுத்துக்கொள்வோம். 23,040 கன அங்குலம், 99.7 கேலன், 377.6 லிட்டர். "அங்குலம் என்றால் இரண்டரை சென்டிமீட்டர்தானே" என்று 120 × 60 × 50 போட்டால் 360 லிட்டர். நீளத்தில் ஒன்றரை சதவீதத் தோராயம் கன அளவில் நான்கரைக்கு மேல் ஆகிவிட்டது, 17 லிட்டருக்கு மேல் காணாமல் போனது. ஆனால் இந்த 377.6-ம் வெளிப்புற அளவுதான். கண்ணாடி 10 மில்லிமீட்டர் கனம் என்றால் உள்ளே 352 லிட்டர். மேல்விளிம்புக்கு 5 சென்டிமீட்டர் கீழே தண்ணீர் நின்றால் 317 லிட்டர், அதாவது 84 கேலன். 100 கேலன் தொட்டி என்று வாங்கியவர் 100 கேலனுக்கு மருந்து போட்டால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதிகம். மீன் அதைத்தான் உணரும், 3.785-இன் நான்காவது தசமத்தை அல்ல. ஏற்கெனவே கல், மணல் கிடக்கும் தொட்டி என்றால் அளக்கவே வேண்டாம். நிரப்பும்போது ஒவ்வொரு வாளியையும் எண்ணுவதுதான் ஒரே நம்பகமான வழி.

பம்பு, குழாய் வேகத்துக்கு நிமிடத்துக்கு ஒரு கேலன் என்பது நிமிடத்துக்கு 3.785 லிட்டர், மணிக்கு 0.227 கன மீட்டர்.

இன்னும் சில

எரிபொருள் சிக்கனத்தில் வெறும் வகுத்தல்தான், ஆனால் தலைகீழ். அமெரிக்க கேலனுக்கு இத்தனை மைல் என்றால் 235.2-ஐ அந்த எண்ணால் வகுத்தால் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று வரும். பிரிட்டிஷ் கேலனுக்கு 282.5. கேலனுக்கு 40 மைல் என்பது அமெரிக்கக் கணக்கில் 5.9 லிட்டர், பிரிட்டிஷ் கணக்கில் 7.1 லிட்டர். பிரிட்டனில் எழுதும் கார் விமர்சனத்தைப் படித்துவிட்டு அமெரிக்கக் காரோடு ஒப்பிடுகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

அமெரிக்காவில் உலர்ந்த பொருளுக்கென்றே தனி பைன்ட், குவார்ட், புஷல் உண்டு. உலர் பைன்ட் 550.6 மில்லி, திரவ பைன்ட்டைவிட 16 சதவீதம் பெரியது. பெர்ரிப் பழக் கூடையில் பைன்ட் என்று இருந்தால் அது இது. சமையல் குறிப்பில் வரும் கப்புக்கு இந்த வேறுபாடு கிடையாது.

கச்சா எண்ணெய்ப் பேரல் 42 அமெரிக்க கேலன், 158.987 லிட்டர். வியாபார அளவில் வெப்பநிலையும் சேர வேண்டும். பெட்ரோல் ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஆயிரத்தில் ஏறக்குறைய ஒரு பங்கு விரியும். மெட்ரிக் கணக்கில் 15 டிகிரி செல்சியஸில் இருந்தால் எவ்வளவு என்று திருத்திச் சொல்வார்கள், அமெரிக்கக் கணக்கில் 60 டிகிரி பாரன்ஹீட்டில், அதாவது 15.56-இல். அந்த அரை டிகிரிக்கே ஆயிரம் லிட்டருக்கு அரை லிட்டர் வித்தியாசம். வெறும் மாற்று எண்ணால் பெருக்கிவிட்டுக் கணக்கு ஒட்டவில்லை என்று தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

எக்செலில் கன்வெர்ட் என்ற ஃபார்முலா இதையெல்லாம் செய்யும், ஆனால் அதில் ஒரு கண்ணி. ஓ, இசட் என்ற இரண்டெழுத்துக் குறி அதில் திரவ அவுன்ஸ். எடை அவுன்ஸுக்குக் கடைசியில் எம் என்ற எழுத்தும் சேர வேண்டும். வெறும் கேலன் என்றால் அமெரிக்க கேலன்தான். பிரிட்டிஷ் கேலனுக்கு முன்னொட்டு வேண்டும். எந்த ஷீட்டையும், எந்த ஆப்பையும் நம்புவதற்கு முன் ஒரு கேலனை லிட்டராக்கச் சொல்லிப் பாருங்கள். 3.785 வந்தால் அமெரிக்கா, 4.546 வந்தால் பிரிட்டன். 4.405 வந்தால் அது உலர் கேலன், அதை மூடிவிட்டு வேறு ஆப்பைப் பாருங்கள்.